மாடி வீட்டுக் கரப்பான்கள்

பழனி மலைமேல் நிற்கிறவன்மீது ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்கள்மீதும் ஆணை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இருந்தாலும் அதையும் சேர்த்தே வைக்கிறேன்.

எனக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். கலக்கிய பிறகும் தம்ளர் அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்க வேண்டும். குடித்துவிட்டுத் தம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். பெருக்க வருகிற மூக்காயி ஞாபகம் வந்தால் எடுத்துக் கழுவுவாள். வராவிட்டால் அது அங்கேயே கிடக்கும். இந்த வயசில் எனக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை. வெற்றிலை போடுவேன், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் அம்மா, ஏன் செய்தாய் என்று நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். அதனால் நானும் பொறுமையாகச் சொல்கிறேன்.

என் பெயர் நல்லுசாமி. நாகல் நகரில் இருக்கிற அந்த வீடு என்னுடையது. கீழே நான் ஒண்டிக்கட்டையாக இருக்கிறேன். மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். குடிவருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்பதில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பேன். ஆணி இறங்கினால் சுவருக்கு வலிக்கும் என்று நினைக்கிறவன் நான்.

கடைசியாக வந்தவர்கள் முகேஷ்குமாரும் பவித்ராவும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தத் தம்பிக்கு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பவித்ரா ஆயக்குடிப் பெண். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பை கொய்யா கொண்டுவந்து கொடுக்கும். நல்ல கொய்யா. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

முதல் கரப்பானை நான் பார்த்தது உப்பு ஜாடியின் மேல். பெண் கேட்டு வந்த சம்பந்தி மாதிரி மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் விளக்கைப் போட்டேன். அது ஓடவில்லை. அணை என்பது போல மீசையை ஒருதரம் தாழ்த்தியது. அணைத்துவிட்டேன். வீடு தேடி வந்த பெரியவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு அவருடைய உறவுக்காரர்கள் வந்தார்கள். அரிசிப் பானையைத் திறந்தால் அரிசி நகர்ந்தது. காலண்டரில் தேதி கிழிக்கப் போனால் செவ்வாய்க்கிழமை ஓடிப்போய்ச் சுவர் மூலையில் நின்றது. என் மூக்குக்கண்ணாடியை நான் தேட வேண்டியதே இல்லை. படுக்கைக்கு அதுவாகவே நடந்து வந்துவிடும்.

அடித்துக் கொன்றிருக்கலாமே என்பீர்கள். அப்போது நான் தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தேன். மாலை கழுத்தில் இருக்கும்போது உயிரைக் கொல்லக் கூடாது. ஆகவே அவற்றை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு சிறுமலைக்கு பஸ் ஏறினேன். ஒரு வாழைத் தோட்டத்து ஓரம் திறந்துவிட்டு, நல்லபடியாக இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்த மலைக்கு பஸ்ஸே அபூர்வம். வந்த பஸ்ஸில் எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உப்பு ஜாடிமேல் அதே பெரியவர். மீசையில் மலை மிளகின் வாடை.

பிறகு அந்தக் கண்டக்டரைப் பார்த்தபோது கேட்டேன்.

"அம்புட்டும் முன்னாடி சீட்டுலதேன் வந்துச்சு பெரியப்பு. எந்திரிங்கன்னா மொறைக்குதுக" என்றார்.

டிக்கெட் எடுத்தனவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, இவை எங்கிருந்து வருகின்றன? இதை நான் நிதானமாக யோசித்தேன். என் வீட்டில் கரப்பான் உண்டாக நியாயம் இல்லை. ஒரு சோறு, ஒரு வெஞ்சனம், அதோடு என் சமையல் முடிந்தது. ஆகவே மேலேயிருந்துதான் வர வேண்டும். வெறும் ஊகமாக இருக்கக் கூடாது என்று சோதித்தும் பார்த்தேன். என் அடுப்படியில் ஒன்றைப் பிடித்து, அதன் முதுகில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, மாடி வராந்தாவில் கொண்டுபோய் விட்டேன். நான் படி இறங்கி வருவதற்குள் அந்தப் பொட்டு என் அடுப்படியில் இருந்தது. மாடியிலிருப்பவர்கள் கீழே அனுப்புகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பவித்ராவிடம் சொன்னேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க தாத்தா, எங்க வூட்டுல ஒண்ணுகூட இல்லீங்க. நீங்களே வந்து பாருங்க" என்றது.

போய்ப் பார்த்தேன். தரையில் என் முகம் தெரிந்தது. சிங்கைத் தொட்டால் வழுக்கியது. பாத்திரங்கள் கவிழ்த்துத் துணி போட்டு மூடியிருந்தன. ஒரு வீட்டை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அன்று சாயங்காலம் முகேஷ்குமார் கீழே இறங்கி வந்தார். கையில் செல்போன்.

"தாத்தா, இந்தா பாருங்க. நானே எடுத்த வீடியோ. உங்க அடுப்படி சாக்கடைக் குழாய்ல இருந்து வரிசையா மேல ஏறுதுக. நாங்க மொளகாப்பொடி, மருந்துன்னு போட்டு வாசலோட வெரட்டுறோம்."

பார்த்தேன். ஏறத்தான் செய்தன. ஏறுகின்றன என்றால் வேலை முடிந்து வீடு திரும்புகின்றன என்று அர்த்தம். இதை எடுத்துச் சொன்னேன். அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மருந்தடிக்கிற காத்தமுத்து அண்ணன வரச் சொல்றேன் தாத்தா. உங்க கட்டில நகத்தி, கீழ கெடக்குற பழைய சாக்கு, தம்ளரு எல்லாத்தையும் எடுத்துப்போட்டு அடிச்சா ஒரே நாள்ல தீந்துபோகும்."

"என் கட்டிலை யாரும் நகத்த வேணாம் அப்பு" என்றேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் ஃபயாஸ் டீக்கடைக்குப் போனபோது, அவன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கய்யா. டீயில ஏலக்கா போடவா, மீசை போடவா?" என்றான்.

பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீடியோ அவர்கள் செல்போனுக்கெல்லாம் போயிருந்தது. மில்லிலிருந்து வந்த முகேஷ்குமாரும் ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. டீ மூக்கில் ஏறுகிற மாதிரி, அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு.

"ஏலே ஃபயாஸு, பெரியவர விடு" என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் கரப்பான் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி விலாசம் சொல்ல வாயைத் திறந்தேன். "கரப்பான் வீடுதானே, தெரியும், ஏறுங்க" என்றான் டிரைவர். தானிய மூட்டைகள் அடுக்குகிற கிட்டங்கியில் நான் மேஸ்திரியாக இருந்தவன். கிட்டங்கி மேஸ்திரி நல்லுசாமி என்றால் ஒரு காலத்தில் லாரிக்காரன் ஹாரனைக் குறைத்து அடிப்பான்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கோபத்தில் செய்கிறவன் அவசரப்படுவான். நான் முதலில் பாதயாத்திரையை முடித்தேன். ஒட்டன்சத்திரம் வழியாக நடந்துபோய், முருகனைக் கும்பிட்டு, முறைப்படி மாலையைக் கழற்றினேன். மாலை கழுத்தில் இருந்தவரை ஓர் எறும்பைக்கூட நான் மிதித்ததில்லை. திரும்பி பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, செய்ய வேண்டியதை யோசித்து முடித்தேன்.

கிட்டங்கியில் நாங்கள் பூச்சியை எப்படித் தீர்ப்போம் என்று சொல்கிறேன். மக்காச்சோள மூட்டைகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்துவோம். உள்ளே மாத்திரை வைப்போம். காற்றுப் பட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் புகையும். அழுகிய பூண்டு மாதிரி ஒரு வாடை மட்டும் வரும். அந்தப் புகை வெளியே போய்விட்டால் பிரயோஜனம் இல்லை. அதற்காக நீளமான துணிப் பையில் மணலை நிரப்பித் தார்ப்பாயின் ஓரம் முழுக்க வைத்து அழுத்துவோம். அதற்கு மணல் பாம்பு என்று பெயர். பிறகு நாள் கணக்காக அந்தப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. ஒருமுறை தார்ப்பாயைப் பிரித்தபோது, வண்டுகளோடு ஒரு பூனையும் கிடந்தது. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. ஆகவே, புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

மாத்திரை என்னிடம் பழைய இருப்பாக இருந்தது. பெயர் வேண்டாம்.

முதலில் மாடியின் ஓட்டைகளை அடைத்தேன். வென்டிலேட்டருக்கு அட்டை வைத்து, மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். குளியலறைக் குழாய் போகிற சந்துக்குச் சிமெண்ட் பூசினேன். கரப்பான் வருகிற வழியை அடைக்கிறேன் என்று சொன்னதும் முகேஷ்குமாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தூக்கத்தை விட்டுவிட்டு வந்து எனக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் மனசு வந்துச்சே தாத்தா. பாத்து எறங்குங்க. அந்தா, அந்த மூலையில ஒரு சந்து தெரியுது பாருங்க, அதையும் அடச்சிருங்க."

அடைத்தேன். எனக்கு இடது கண் சரியாகத் தெரியாது. அவர் காட்டியிருக்காவிட்டால் அந்தச் சந்து விட்டுப்போயிருக்கும்.

மணல் பாம்பை என் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தேன். மூக்காயி பையின் வாயைப் பிடித்துக்கொள்ள, நான் மணலை அள்ளிப் போட்டேன்.

"என்னத்துக்குய்யா இது? புள்ளைக்குத் தலகாணி கணக்கா இருக்கு" என்றாள்.

"கதவடியில தூசி வராம இருக்க, ஆத்தா."

"இம்புட்டு நாளா வராத தூசியா இனிமே வரப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை நீங்கள் கூப்பிட்டு விசாரித்தது எனக்கு வருத்தம்.

பவித்ரா தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டது. "அவர கொஞ்சம் பாத்துக்கங்க தாத்தா. தூங்குனா சோறு தண்ணி ஞாபகம் இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் முகேஷ்குமார் ஷிப்ட் முடிந்து வந்தார். கதவையும், வெயில் படாமலிருக்க ஜன்னல்களையும் சாத்தும் சத்தம் கேட்டது. ஃபேன் ஓடும் சத்தமும் கேட்டது. நல்ல வெயில் ஏறுகிறவரை நான் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு மேலே போய், மாத்திரையைக் கதவடியில் உள்ளே தள்ளினேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். என் கை செய்த வேலை அவ்வளவுதான். மற்றதைப் புகை பார்த்துக்கொண்டது. வாசற்படியில் அவருடைய செருப்பு கிடந்தது. அதை எடுத்து ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் மணல் பாம்பை நெருக்கி வைத்தேன்.

அதன் பிறகு வீட்டில் இருப்பது முறையில்லை. ஃபயாஸ் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பவித்ராவிடமிருந்து போன் வந்தது அங்கே இருக்கும்போதுதான்.

"தாத்தா, அவரு போனே எடுக்க மாட்டேங்கறாருங்க. மேல போயி கதவைத் தட்டிப் பாக்கறீங்களா?"

"அசந்து தூங்குறாரு ஆத்தா. தூங்கட்டும்."

"செரிங்க தாத்தா. நீங்க இருக்கறீங்கன்னு தைரியமா இருக்குதுங்க" என்று வைத்துவிட்டது. கடையிலிருந்து இரண்டு வீடு தாண்டிப் போய், மாடியேறித் தாழ்ப்பாளை நீக்கியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். இருந்திருக்கும். ஆனால் வைத்த மருந்தைப் பாதியில் பிரித்தால் பூச்சி பிழைத்துக்கொள்ளும். கிட்டங்கியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான்.

மறுநாள் பவித்ரா வந்து கத்திய பிறகு நீங்கள் வந்தீர்கள். மணல் பாம்பை நானே எடுத்துக் கொடுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு வீட்டுக்காரன் தன் வீட்டின் மேல்பாகத்தைப் பூச்சியில்லாமல் சுத்தம் செய்தான். அதற்குள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்குவது எனக்குத் தெரியும். வேறு வழி இருந்திருந்தால் நான் அதையே செய்திருப்பேன். அத்தனை கரப்பான்களை வைத்துக்கொண்டு எவனாலும் குடியிருக்க முடியாது.

தீயணைப்புக்காரர்கள் ஜன்னல்களை உடைத்துக் காற்றாட விட்ட பிறகு, உங்கள் ஆட்கள் மாடியில் அலமாரிக்குப் பின்னால், சிங்குக்கு அடியில், பரண்மேல் எல்லாம் டார்ச் அடித்துத் தேடிப் பார்த்தார்கள். செத்த கரப்பான் ஒன்றுகூட இல்லை.