ரெண்டு பெட்டி ஒண்ணான கதை

...அதான் சொல்றேன், புதுசா குடி வந்திருக்கீங்க, உங்க வீட்டுக்காரர் மட்டும் கம்ப்யூட்டரைக் கழட்ட ஆரம்பிச்சாருன்னா கையிலயே ஒண்ணு போடுங்க. நான் சும்மா இருந்தேன், இப்ப அனுபவிக்கிறேன். ஸ்க்ரூடிரைவர்தானே? தரேன், தரேன், அது எங்க ஓடிடப் போகுது! உக்காருங்க.

முன்னாடி ரெண்டு பெட்டிங்க. ஒண்ணு, அவரு ஆபீஸ் கணக்கு பாக்குறது. இன்னொண்ணு சர்வராம்... வீட்டுப் போட்டோ, பழைய படம், எல்லாம் அதுக்குள்ள. கட்டிலுக்கு அடியில எந்நேரமும் உர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கும். தலைவலி தாங்காம, "ரெண்டுல ஒண்ணைத் தூக்குங்க"ன்னேன். தூக்குங்கன்னுதானே சொன்னேன்? ஒண்ணா சேத்துடுங்கன்னா சொன்னேன்? மனுசன் ரெண்டையும் பிரிச்சு மேஞ்சுட்டாரு! சாப்பாட்டு மேசை பூரா ஒயரு. நாங்கல்லாம் தரையில உக்காந்து சாப்பிட்டோம். கடைசியில ஒரே பெட்டி. பெத்த புள்ளையைக் காட்டுற மாதிரி வந்து காட்டுறாரு.

சத்தம் குறைஞ்சுதான்னா கேக்குறீங்க? அட, நீங்க வேற! இப்ப ரெண்டு சத்தமும் சேந்து வருது.

அது கெடக்கட்டும். உள்ரூம்ல என் மாமியார் படம் பாப்பாங்க. அந்தப் படமும் அதுக்குள்ளதான், இவரு வேலையும் அதுக்குள்ளதான். அம்மா படத்தைப் பின்னாடி ஓட்டினா புள்ளையோட மீட்டிங் நின்னுடும். புள்ளை பெரிய ஃபைலைத் தொறந்தா அங்க ஹீரோ வாயைத் தொறந்தபடி நிப்பான். "டேய், அவனைப் பேச விடுடா"ன்னு அவங்க... "அம்மா, என்னைப் பேச விடும்மா"ன்னு இவரு... நடுவுல நான்!

போன மாசம் பதவி உயர்வுக்கு இதே பெட்டியில இன்டர்வியூங்க. ஸ்கிரீன்ல கணக்கைக் காட்டச் சொல்லியிருக்காங்க. இவரு பதட்டத்துல எதையோ அமுக்க, மாமியார் பாத்துக்கிட்டிருந்த படம் ஸ்கிரீனுக்குப் போயிடுச்சு! கதாநாயகி ஓன்னு அழறா. இவரு வேலையே போச்சுன்னு உக்காந்திருக்காரு. பாத்தா, அந்தப் பக்கம் மேனேஜர் கண்ணைத் துடைக்கிறாரு! "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேட்டாராம். எங்க மாமியார் சும்மா இருப்பாங்களா? நாற்காலியை இழுத்துப் போட்டு முழுக்கதையையும் சொல்லிட்டாங்க.

பதவி உயர்வா? கெடைச்சுது, கெடைச்சுது. ஆனா இப்ப எந்த மீட்டிங்னாலும் மேனேஜர் "அம்மா இருக்காங்களா?"ன்னுதான் ஆரம்பிக்கிறாரு. அம்மா உக்காந்து கதை சொல்றாங்க, இவரு சமையக்கட்டுல வெங்காயம் உரிக்கிறாரு. சம்பளம் மட்டும் இவரு பேர்ல வருது!

என்ன, எந்திரிச்சுட்டீங்க? கதவை இழுக்காதீங்க, வராது. பூட்டையும் அந்தப் பெட்டியோடயே சேத்துட்டாரு. அது இப்ப அப்டேட் ஆயிட்டிருக்கு. முடிஞ்சாதான் தொறக்கும். எப்ப முடியுமா? அதுக்கே தெரியாது, எனக்கெப்படித் தெரியும்? உக்காருங்க, நான் இன்னும் விஷயத்துக்கே வரலையே...

ஐயையோ, என்னங்க, ஜன்னல் வழியாவா! பாத்து... பூந்தொட்டி! கீழ்வீடுங்கறதால தப்பிச்சீங்க... அட, செருப்பைக்கூட விட்டுட்டு ஓடுறாங்களே!

ஏங்க... ஏங்க! வெங்காயத்தை வச்சுட்டுக் கொஞ்சம் இங்க வாங்க. முதல்ல இந்த ஜன்னலையும் அந்தப் பெட்டியோட சேத்துடுங்க!