கரியாலூரில் வீணாகக் கிடந்த சாவி

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக ஒரு வரி தெரிகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அது உறுத்தவில்லை. கள்ளக்குறிச்சியில் யாருக்கும் உறுத்துவதில்லை. பைக்கில் ஒரு சின்னச் சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள், கம்ப்யூட்டர் லைசென்ஸ் கேட்டால் மட்டும் அந்த அறிவிப்பை மூடிவிட்டுச் சினிமா பார்ப்பார்கள்.

நீங்கள் இரண்டு விரலால் டைப் அடிக்கிறீர்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் இளமாறன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லைசென்ஸ் கீயை நாங்கள் சாவி என்போம். மெஷினோடு சேர்ந்து வரும் சாவி அந்த மெஷினோடு சாகும். தனியாக விலை கொடுத்து வாங்கிய சாவியை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் அது இருக்கும். இங்கே போட வேண்டுமென்றால் அங்கே எடுக்க வேண்டும். மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் சாவியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். தூசு தட்டக் கொண்டுவருகிறவர்களுக்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மலைமேல் கரியாலூரில் ஒரு சின்ன மருத்துவமனை இருக்கிறது. தேவாலயத்து அறக்கட்டளை நடத்துவது. சென்னையில் வேலை பார்க்கும் ஆல்பர்ட் என்ற புண்ணியவான் அதற்கு ஒரு கம்ப்யூட்டரும், தனியாக வாங்கிய ஒரிஜினல் சாவியும் கொடுத்திருந்தார். மலையில் அதை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? வருகிறவரின் பெயர், வயது, என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அவ்வளவுதான். நர்ஸ் உபகாரமேரி மவுஸைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். வேலை முடிந்ததும் கீபோர்டின் மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்துவார். நான் சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் சாமைச் சோறு போடுவார், திரும்பும்போது ஒரு பாட்டில் தேன் தருவார். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷிகளுக்கு ஒரிஜினல் சாவி எதற்கு?

அந்தச் சமயத்தில்தான் உளுந்தூர்பேட்டை ராமசாமி என்னைப் பிடித்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர். அவருடைய புதுப் பில் மெஷினுக்கு ஒரிஜினல் விண்டோஸ் இல்லாமல் ஆகாது என்று சென்னைக்காரன் எவனோ சொல்லிவிட்டானாம்.

"எனக்கு இன்னா எழவுன்னு தெரியாது தம்பி. ஒரிஜினலா இருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மலைமேல் ஒரு நல்ல சாவி வீணாகக் கிடந்தது. பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது என்னை இழிவுபடுத்துவது. ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, நான் அதை இடம் மாற்றினேன்.

கரியாலூருக்குப் போய்ச் சாவியை எடுத்துவிட்டு, அங்கே கிராக் போட்டேன். கிராக் என்றால் லைசென்ஸ் இருப்பதுபோல் மெஷினை ஏமாற்றும் புரோகிராம். இணையத்தில் சும்மா கிடைக்கும். சும்மா கிடைப்பதற்குள் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. நர்ஸ் நன்றி சொல்லித் தேன் கொடுத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது போன் செய்தார்.

"தம்பி, பொட்டிய தொறந்தா செவப்பா இன்னாமோ வருதுங்க. இங்கிலீஷ்ல காசு கேக்குது. ஒரு பேரும் தொறக்க மாட்டுது."

போனேன். கிராக்கோடு வந்த வைரஸ் எல்லாக் கோப்புகளையும் பூட்டியிருந்தது. நான் திரையைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டேன்: "யாராச்சும் பென்டிரைவ் போட்டீங்களா சிஸ்டர்?"

அவர் முகம் வெளுத்தது. "கிறிஸ்மஸ் பாட்டு ஏத்திக்கினு வந்து போட்டேங்க. அதாலயா?"

"அதேதான்" என்றேன்.

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மெஷினை மொத்தமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். பெயர்கள் எல்லாம் போய்விட்டன. மறுபடி ஒவ்வொருவராக வரும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், நான் கவனிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. அடுத்த வாரமே அந்த கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மலைப் பேருந்தில் என் கடைக்கு வந்துவிட்டார். அழிந்ததை மீட்க முடியுமா என்று யாரோ கேட்கச் சொன்னார்களாம். கொஞ்சம் மீட்கலாம். ஆனால் மீட்டால் கிராக்கும் சேர்ந்து தலை காட்டும். "பாக்கறேன், உக்காருங்க" என்று சொல்லி உட்கார வைத்தேன். அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. அலுத்துப்போய்ப் போகட்டும் என்றுதான்.

மத்தியானம் அவருக்கு போன் வந்தது. மலையில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் லிடியா அன்று தனியாக இருந்தாள். அம்சவள்ளி என்ற பெண்ணைக் காய்ச்சலில் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. லிடியா ஊசி போட்டிருக்கிறாள். அம்சவள்ளிக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி அது. போன வருடம் அதே ஊசியில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவள்.

"ஐயோ, அவளுக்கு அது ஆவாதே! பொட்டில எழுதி வெச்சிருந்தேனே!" என்று உபகாரமேரி போனில் சொன்னார். அதற்குள் அம்சவள்ளி இறந்துவிட்டிருந்தாள். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அவர்கள் பார்த்தார்கள்.

விசாரணையில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என்னையே கூப்பிட்டுக் கேட்டீர்கள். நினைவிருக்கும். நர்ஸின் பென்டிரைவ்தான் காரணம் என்றேன். உடனே நம்பினீர்கள், உங்களில் ஒருவருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை. அறக்கட்டளை அவரை வேலையை விட்டு நீக்கியது, நீங்கள் அவர்மேல் வழக்குப் போட்டீர்கள். ஜாமீனில் வந்ததும் நேரே என் கடைக்கு வந்தார்.

"என் ஒருத்தியால உங்க பேரும் ஸ்டேஷன் வரைக்கும் போச்சுங்களே தம்பி. மன்னிச்சிக்கங்க" என்றார்.

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆல்பர்ட் மட்டும் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனை கம்ப்யூட்டரில் தன் சாவியை மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். அது வேறு மெஷினில் இருக்கிறது என்று வந்திருக்கிறது. உங்கள் சைபர் பிரிவு தேடிக்கொண்டு போய் ராமசாமியின் ஓட்டல் கல்லாவில் நின்றது. அவர் என் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதுவரை எல்லாம் சரி, நான் மறுக்கவில்லை.

நீங்கள் டைப் செய்ததை இப்போது படித்துக் காட்டினீர்களே, அதில் ஓர் இடம் தவறு. 'வைரஸால் திறக்க முடியாமல் போன நோயாளி விவரங்களை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கவனக்குறைவாக அழித்துவிட்டேன்.' நான் அப்படிச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்பது உங்களைப் போன்றவர்களுக்கு.

அந்த வைரஸ் பழையது, அதைத் திறக்கும் வழி என்னிடம் இருந்தது. நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு அதைத்தான் முதலில் செய்தேன். எல்லாம் திறந்தது. சரியாகத் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அதுதான் முறை. அம்சவள்ளியின் பெயருக்கு எதிரே சிவப்பில், இந்த ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து என்று தமிழில் எழுதியிருந்தது. பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

திருப்பிக் கொடுத்திருந்தால் நர்ஸ் சந்தோஷப்பட்டிருப்பார். அப்புறம் இந்த வைரஸ் எப்படி வந்தது என்று யாராவது ஒருவர் மெஷினைத் தோண்டியிருப்பார், கிராக் வெளியே வந்திருக்கும்.

அதனால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். படித்துவிட்டுத்தான் அழித்தேன்.