குமிழி உடைந்தால் வேலை போகுமா?

மூன்று மாடி வீடு, இரண்டு மாவு மில், ஒரு எஸ்.டி.டி. பூத். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் மைசூரில் தனியாளாக எழுப்பியவை இவை. நிற்காது என்றார்கள், நிற்கின்றன.

போன வாரம் நஞ்சன்கூட்டிலிருந்து வந்த பஸ்ஸில், பெண்ணைப் பெற்ற ஒருவர், பெண் கேட்டிருந்த ஆராய்ச்சிக்காரப் பையனை விசாரித்துக்கொண்டிருந்தார். பையன், தான் ஆராயும் குமிழியின் மூன்று போட்டோக்களை அவரிடம் காட்டியிருந்தான்.

"ஏனுங் தம்பி, அந்தக் குமிழி ஒடஞ்சுபோச்சுன்னா உங்க வேலையும் போயிருமுங்களா?"

"அது பக்கத்து கேலக்ஸில இருக்குதுங்க மாமா. நட்சத்திரமெல்லாம் கூட்டமா வெடிச்சு, சுத்தியிருந்த வாயுவத் தள்ளி உண்டான பெரிய குமிழி."

"ஒரே குமிழிக்கு எதுக்கு மூணு போட்டோ?"

"சாதா வெளிச்சத்துல ஓரம் மட்டும் தெரியும். ரேடியோ அலையில சுத்துச்சுவரு தெரியும். எக்ஸ்ரேல உள்ள இருக்கற சூடு தெரியும்."

"எக்ஸ்ரே எடுக்கற அளவுக்கா அதுக்கு ஒடம்பு மோசம்?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. இன்னும் பல லட்சம் வருசம் தாங்கும்."

"அப்ப பென்சன் வரைக்கும் பயமில்ல."

"இல்லீங்க மாமா."

"சரி, வைகாசில முகூர்த்தம் பாத்தரலாம்."

இருவரும் சேர்ந்து உட்காரட்டும் என்று என் இடத்தை விட்டு மைசூர் வரை நின்றே வந்தவன் நான். கல்யாணப் பத்திரிகையில் என் பெயரையும் போடவேண்டும்.