கல்லுப்பாரில் நாலு அலை

– இன்னும் கொஞ்சம் விலத்திப் பிடிங்க காக்கா! கல்லுப்பாரில வள்ளம் ஏறினா நம்ம ரெண்டு பேரும் நண்டுக்குத்தான் தீனி.

– இருவது வருசமா இந்தக் கடல்ல வலை போடுற அசனாருக்கே புத்தி சொல்றியா, யோகராசா? ஒன்ட கண்ணு வள்ளத்துல இல்ல. அங்கால ஆமிக் கோப்ரல்ட நெஞ்சுக்குக் கீழ கிடக்கிற பலகைலதான் கிடக்கு.

– கிடக்காம? அது என்ட பலகை. எண்பத்திரண்டில பாசிக்குடாவுக்கு வந்த வெள்ளைக்காரன் போகக்குள்ள என்ட கையில தந்தது. பன்னிரண்டு வருசம் அதுல ஏறி நிண்டு இந்த அலையில ஓடினவன் நான்.

– அத, இயக்கத்துக்குச் சாமான் கடத்துற தெப்பம் எண்டு ஆமி காவல் நிக்கிற சென்ரில பறிச்சானுகள். தெப்பத்துக்கு அடியில மீனுக்குப் போல செட்டை இருக்குமா எண்டு நீ கேட்டிருக்கலாம்.

– கேட்டன் காக்கா. அதுக்குத்தான் முதுகில ரெண்டு விழுந்திச்சு.

– புதுசா வந்த இந்தக் கோப்ரல் அதையே தூக்கிட்டு வந்து "அலை காட்டு" எண்டு நிக்கிறான். அவன்ட புண்ணியத்துல கடல் தடை போட்டு ஆறு மாசத்துக்குப் பிறகு இந்தக் கல்லுப்பார் தாண்டியிருக்கம். ஆனா தம்பி, இது அவனுக்கு ஏலுமா? ஒனக்கே இங்க தோள் கிழிஞ்சு பதினாலு தையல்.

– ஏலாது. அதுக்குத்தான் கூட்டி வந்தனான். அவன் விழுவான், பலகை மிதக்கும், நான் பாஞ்சு எடுத்துருவன்.

– விழுந்தவன்?

– அத அலை பாத்துக்கும்.

– டேய், என்னத்தச் சொல்லி அனுப்பின?

– அலை நாலு நாலாத்தான் வரும், முதலாவதப் பிடிங்க எண்டு.

– நீ எந்த நாளும் கடைசியத்தானேடா பிடிக்கிற!

– ஓம். முதலாவதுல விழுந்தா, பின்னால வாற மூண்டும் முருகைக்கல்லுல போட்டு அரைச்சிரும்.

– அல்லாஹ்வே! நம்மட அடையாள அட்டை ரெண்டும் சென்ரில கிடக்குடா! அவன் மௌத்தானா நாமளும் மௌத்து. கூப்பிடு அவன!

– நேத்து வரைக்கும் சரியாத்தான் பட்டிச்சு காக்கா. இப்ப பாத்துக்கிட்டு இருக்க ஏலாது… சேர்! வேணாம்! அத விடுங்க!

– இந்த இரைச்சல்ல எங்க கேக்கும்? முதலாவது வந்துட்டு!

– விட்டுட்டான்! காக்கா, விட்டுட்டான்!

– ரெண்டாவதையும். மூண்டாவதையும். பயந்துட்டானோ?

– இல்ல, கடைசி அலையில எழும்புறான். நிக்கிறான்! ஐயோ, முழங்கால மடிச்ச வடிவப் பாருங்க! நான் ஒரு நாளும் இப்பிடித் திரும்பினதில்ல!

– என்னடா கை தட்டுறாய்? பலகை போச்சு ஒனக்கு.

– போகட்டும் காக்கா. பாக்கச் சந்தோசமாக் கிடக்கு.

– இஞ்சதான் வாறான். சிரி, சிரி.

– சேர், நல்லா ஓடினீங்க!

– என்ட ஊர் ஹிக்கடுவ, தம்பி. நடக்க முதல் பலகையில நிண்ட ஆள் நான். இந்தா பலகை, உனக்குத்தான். நீ சொன்ன முதலாவது அலை, இப்ப நீ பிடி. நான் பாக்கிறது.