பலாலியிலிருந்து ஒரு மணி நேரம்

“வெத்தல போட்டு முடிக்கிறதுக்குள்ள இந்தியா வந்துரும்.”

வட்டவளையில் ரயில் ஏறிய துணிக்கடைக்கார முஸ்லிம் நானா இப்படிச் சொன்னதும் எதிரே இருந்த தேயிலைத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் நிமிர்ந்தார்கள். திருச்சிப் பக்கம் கணவரின் தங்கை மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் அவர்தான் என்பது அவர்கள் பேச்சிலிருந்தே எனக்குத் தெரிந்திருந்தது. மனைவியின் மடியில் சீர்ச்சேலைப் பொட்டலம் இருந்தது.

“நெசமாவா நானா?”

“யாழ்ப்பாணத்துல, பலாலியில பிளேன் ஏறினா திருச்சியில எறக்கம். நூறு மைலுக்குக் கொஞ்சம் கூட. ஒரு மணி நேரந்தான். நான் போய் வந்தவன்.”

“அப்ப அட்டன்லேருந்து பலாலிக்குப் போறதுதான் தூரம்னு சொல்லுங்க!”

“அதுதான் தூரம்.”

கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இம்புட்டுக் கிட்டத்துலயா இருந்துச்சு என் தங்கச்சி? கடலு, கடலுன்னு சொல்லியே வருசத்த ஓட்டிட்டேன். இந்தத் தடவ நான் போயே ஆகணும்.”

“போங்க, யாரு வேணாங்கிறா?” என்ற மனைவி நானாவைப் பார்த்தாள். “திரும்பி வர எவ்வளவு நேரமாகும்?”

“அதே ஒரு மணி நேரந்தான், தங்கச்சி.”

“அது ஒங்களுக்கு. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்ட மனுவத் தள்ளிட்டாங்களே, எங்கள மறுபடி உள்ள விடுவாங்களா?”

நானா வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

கணவர் பொட்டலத்தைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

“சேலைய மட்டும் பிளேன்ல ஏத்தி அனுப்பலாமா நானா?”