செத்த சேர்வரை அகற்றிய விதம்

நான் எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவன் அல்லன். எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிரின்டரில் கடதாசி இறுகினாலும் சரி, பணிப்பாளர் மேர்சி மிஸ்ஸின் கைப்பேசியில் பேரன் எதையோ அழுத்தி எழுத்தையெல்லாம் பூதமாக்கிவிட்டாலும் சரி, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைச் சரியாக்கிய பிறகுதான் என் தேநீரைக் குடிப்பேன். அதனால்தான், ஐயா, உங்கள் விசாரணைக் குறிப்பில் ‘தொழில்நுட்பத் தவறு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. தவறு என்று எதுவும் நடக்கவில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் காணிப் பிணக்குகளை எங்கள் நிறுவனம் பார்க்கிறது. பிரதான அலுவலகத்தில் பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் ஒரு சேர்வர், அந்தக் குடும்பங்கள் முன்பு வாழ்ந்த சோனகத்தெருவில் உள்ள கிளையில் இன்னொன்று. ஒன்றில் வைப்பது மற்றதிலும் பதியும். ஒன்று செத்துப்போனால் அதன் பெயர் மற்றதற்குள் பல இடங்களில் கிடக்கும். உயிரோடு இருப்பது செத்ததைக் கூப்பிடும், பதிலுக்காகக் காத்திருக்கும், மொத்த அலுவலகமும் மந்தமாகிவிடும். ஆகவே அந்தப் பெயரை ஒவ்வொரு இடமாகத் தேடி எடுத்துவிட வேண்டும். ஓர் இடத்தில் விட்டாலும் தொல்லை திரும்ப வரும். பழைய பெட்டியை, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துத் துடைக்காமல் மறுபடி இணைக்கவும் கூடாது. இதெல்லாம் நான் போட்ட சட்டம் அல்ல. இந்த வேலை தெரிந்த எவரும் இப்படித்தான் செய்வார்கள்.

ஐப்பசி மழையில் சோனகத்தெருவில் மின்னல் விழுந்து கிளைச் சேர்வர் நின்றுபோனது. போய்ப் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கும் பகுதி மட்டும் கருகியிருந்தது. கையோடு கொண்டுபோன வேறொன்றைப் பொருத்தினேன். காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப நிறுத்தி, மேர்சி மிஸ்ஸுக்குக் கோல் எடுத்தேன்.

“உது இனி எழும்பாதோ?” என்று கேட்டார்.

“இல்லை மிஸ். முடிஞ்சுது.”

“எண்டால் அதின்ரை பேரை எடுத்து விடுங்கோ. இங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் திறக்குதில்லை.”

அனுமதி இல்லாமல் நான் எதையும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேர்வரில் குரல்கள் இருந்தன. உடுத்த உடுப்போடு போனவர்களில் பலரிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அயலவர்களின் வாய்ச்சொல்தான் மிச்சம். எந்த வேலி எவருடையது, பங்குக் கிணற்றில் யாருக்குப் பாதி, வண்டில் போகும் வழி எந்தப் பக்கம் என்று தெரிந்த வயதானவர்களைத் தேடிப்பிடித்து, என்னோடு வேலை செய்யும் ஸாஜித் பதிவு செய்து வைத்திருந்தான். பேசியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு குரல் நான் இருக்கும் வீட்டைப் பற்றியது.

தொண்ணூற்றைந்தில் எங்கள் சொந்தக் காணி இராணுவ வேலிக்குள் போய்விட்டது. அலைந்து திரிந்த பிறகு அப்பா எங்களைச் சோனகத்தெரு எல்லையில் கூரையில்லாத ஒரு வெறும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓடு போட்டோம், கதவு போட்டோம். என் கல்யாணம் அங்கே நடந்தது, அப்பாவின் செத்தவீடும் அங்கேதான். போன வருடம் புத்தளத்திலிருந்து ஜலீலா என்ற அம்மா வந்து கேற்றடியில் நின்றார். அவருடைய வாப்பா கட்டிய வீடாம்.

“நான் உங்களை வீட்டை விட்டு எழுப்ப வரேல்லை, தம்பி. சட்டப்படி பாப்பம். அதுவரைக்கும் வாப்பா நட்ட பலாவை மட்டும் வெட்டிப்போடாதைங்கோ,” என்றார்.

என் மனைவி கொடுத்த தேநீரையும் குடித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். என் விறாந்தையில் இருந்துகொண்டு எனக்கே பொறுமை காட்டினார். நாங்களும் தெருவில் நின்றவர்கள்தானே, ஐயா? எங்களுக்கு யார் வந்து இப்படிப் பொறுமை காட்டினார்கள்? அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பதிவில் ஜலீலாவுக்காகப் பேசியவர் என் பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளையர். எண்பது தாண்டியவர். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மனைவி போன பிறகு எங்கள் அடுப்பில் வேகும் சோற்றைத்தான் சாப்பிட்டார். கனடாவில் இருக்கும் மகள் கோபிகா தகப்பனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கமரா பூட்டிக் கொடுத்ததும் நான். அப்படியிருந்தும் அந்தக் கிணற்றின் பாதி ஜலீலாவின் வாப்பாவுடையது, வீடும் அவருடையது என்று சொல்லியிருந்தார். நான் போய்க் கேட்டேன்.

“கண்டதைச் சொன்னன். உனக்கு எதிராச் சொல்லேல்லை, தம்பி,” என்றார்.

சோறு போட்ட வீட்டுக்கும் கண் காணாமல் போன வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத நேர்மை என்ன நேர்மை? என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் சிரித்துக்கொண்டு அவருக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே மிஸ் சொன்னபடி வேலையைத் தொடங்கினேன். செத்த சேர்வரின் பெயரைப் பிரதான சேர்வரில் எல்லா இடத்திலும் எடுத்தேன். அதிலிருந்து வந்து கிடந்த குரல் பதிவுகளையும் எடுத்தேன். காப்புப் பிரதிகளைச் சுத்தமாக்கினேன். கடைசியாகப் பழைய பெட்டியைத் துடைத்தேன். அடுத்த நாள் அலுவலகம் நல்ல வேகமாக ஓடியது. மிஸ் எனக்கு நன்றி சொன்னார்.

ஸாஜித்துக்கு விஷயம் தெரியவந்தபோது கதிரையில் அப்படியே இருந்துவிட்டான்.

“அண்ணை, அது வெறும் ஃபைல் இல்லை. செத்துப்போன சனத்தின்ரை வாய்,” என்றான்.

அழுதான். முதுகைத் தடவிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பறவாயில்லை. உங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை ஆழ்வாப்பிள்ளையப்பு இருக்கிறார்தானே. ஞாயிற்றுக்கிழமை வந்து அவரைத் திரும்பப் பதியிறன்,” என்றான். அது என் வீட்டுப் பிணக்கு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் என்னை நம்பிச் சொன்னான்.

எல்லா இடத்திலும் எடுத்தாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு பிரதி மிச்சம் இருந்தது.

மழைக்காலத்தில் கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து விடுவது எப்போதும் நான்தான். அந்தக் கிழமை தேய்க்கவில்லை. கிணறு என்னுடையது இல்லை என்று ஊரெல்லாம் சொல்லும்போது நான் ஏன் தேய்க்க வேண்டும்? அவருக்கு ஊன்றி நடக்க ஒரு பொல்லு இருந்தது. அதன் அடியில் ரப்பர் தேய்ந்திருந்ததும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி கொடிகாமத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வாளி உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆழ்வாப்பிள்ளையர் கிணற்றுக்கட்டோடு விழுந்து கிடந்தார். தலையில் இரத்தம்.

“தம்பி, என்னைத் தூக்கு,” என்றார்.

அவர் வீட்டுக் கமரா கிணற்றடியையும் பார்க்கும். அந்தக் கோணத்தை வைத்தவன் நான். ஆகவே முதலில் அவர் வீட்டுக்குள் போய், கமராவுக்கு இணையம் கொடுக்கும் ரவுட்டரின் வயரைக் கழற்றினேன். திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றபோது கனடாவிலிருந்து கோபிகா எனக்குக் கோல் எடுத்தாள். அங்கே நடுச்சாமம், பாவம், அந்தப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டுதான் படுப்பாள்.

“அண்ணை, கமரா கறுப்பாக் கிடக்கு. அப்பா எங்கை?”

“இங்கை லைன் வேலை நடக்குது, பிள்ளை. அப்பா சாப்பிட்டிட்டுப் படுத்திட்டார். நீர் நித்திரை கொள்ளும்.”

நான் கதைத்தது ஆழ்வாப்பிள்ளையருக்குக் கேட்டது. என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. முனகினார், தண்ணீர் கேட்பதுபோல வாயை அசைத்தார். மூன்றடி தூரத்தில் கிணறு. நான் அள்ளவில்லை. பின்னேரம், எல்லாம் முடிந்த பிறகு, வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பாசியில் சறுக்கி விழுந்த கிழவர் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். சறுக்கியது உண்மைதான்.

செத்தவீட்டுக்கு ஜலீலாவும் வந்திருந்தார். “நீங்கள் பக்கத்திலை இருந்தது அந்த மனிசனுக்குப் பெரிய துணை, தம்பி,” என்று அழுதார். ஓம் என்றேன்.

நீங்கள் சேர்வரைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஏனென்றால் வேலை தெரியாதவன் என்று என்னை ஒருவரும் எழுதக் கூடாது. இன்னும் ஒன்றுதான். அப்பா ஒருத்தரும் இல்லாமல் அநாதையாகச் செத்துப்போனார் என்று கோபிகா தினமும் போனில் அழுகிறாள். அவளுக்கு நீங்களே எழுதிவிடுங்கள், ஐயா. அவர் தனியாகச் சாகவில்லை. மழை தூறத் தொடங்கியதும் நான் குடை எடுத்து வந்து அவருக்கும் சேர்த்துப் பிடித்தபடி, மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.