மாப்பிள வந்த ஊடு

— உடுப்புப் பேக்க இங்கால வைக்காதீங்க மச்சான். உம்மா கண்டா அழுவா.

— அழட்டும் றிஸ்லா. உன்ட ராத்தா சரீபா மௌத்தாகி, நாப்பதாம் நாள் கத்தம் ஓதினதுக்குப் புறகு இந்த ஊட்டுல ஆரும் அழவேயில்ல. நீ என்ன படிக்கிறாய்?

— நாளைக்குப் படிப்பிக்கணும், ஏ.எல் புள்ளையளுக்கு. ஸ்பார்ட்டாக்காரங்க அந்நியர ஊர விட்டு வெளியேத்தின பாடம்.

— அந்தாக்கள் என்ன பிழை செஞ்ச?

— ஒண்டுமில்ல. வெளியாக்களோட புழங்கினா நம்மட பழக்கம் கெட்டுரும் எண்டு பயம். திருவிழாவுக்கு வரவிட்டுச் சாப்பாடும் குடுப்பாங்க. மறுகா ஒரு நாள் போகச் சொல்லுவாங்க.

— சாப்பாடுமா? அப்ப, நிந்தவூர்ல இருந்து மாப்பிளையா வந்த எனக்குச் செஞ்ச மாதிரித்தான்.

— பகிடி உடாதீங்க.

— பகிடியில்ல புள்ள. நம்மட வழக்கத்துல ஊடு பொம்புளைக்கு, மாப்பிளதான் வந்து இரிக்கிற. சரீபா இரிக்கும்வரைக்கும் நான் ஊட்டுக்காரன். அவ மௌத்தாகினதோட, கலியாணம் முடிக்காத குமர் நீ இரிக்கிற ஊட்டுல நான் பிறத்தி ஆம்புள. உன்ட மாமா என்னப் போகச் சொன்னதுல பிழையில்ல.

— கவலையா இல்லயா ஒங்களுக்கு?

— ஒண்டும் தெரியல்ல. பல்லுப் புடுங்கக்குள்ள ஊசி போட்ட மாதிரிக் கிடக்கு. மாப்பிள மௌத்தானா பொம்புளைக்கு நாலு மாசம் பத்து நாள் இத்தா இரிக்கி, ஊட்ட விட்டு ஆரும் கிளப்பேலா. ஆம்புளைக்கு என்ன இரிக்கி?

— வாப்பா எங்க எண்டு பஹ்மிதா கேட்டா என்ன சொல்ற?

— வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாப்பா வருவார் எண்டு சொல்லு. வாசல் கேட்டடியில நிண்டு கூப்பிடுவன்.

— அவளயும் கூட்டிப் போனா என்ன?

— எங்க? என்ட தங்கச்சிர ஊட்டு விறாந்தைக்கா? எனக்கே அங்க பாய் விரிக்க அவள்ற மாப்பிளையக் கேக்கணும். பொம்புளப் புள்ள உம்மம்மாக்கிட்டயே வளரட்டும்.

— மாமா ரெண்டு வழி சொன்னாராமே.

— ஓம். ஒண்டு, போற. மத்தது, ஒன்னக் கலியாணம் கட்டிக்கிட்டு இந்த ஊட்டுலயே இரிக்கிற.

— நீங்க?

— ஏலாதெண்டு சொல்லிட்டன்.

— ஏன்?

— படிச்சு டீச்சரா இரிக்கிற புள்ள நீ. ஒரு சொல்லு ஒன்னக் கேக்காம, மாட்டுக்கு விலை பேசுற மாதிரிப் பேசினாங்க. என்ட புள்ளையப் பாக்கிறதுக்காக ஒன்ட வாழ்க்கையில நான் வந்து குந்தேலா. அதான்.

— மச்சான்.

— என்ன?

— என்னக் கேட்டாங்க. நான் ஓம் எண்டுதான் சொன்னன்.